சாரைப்பாம்பு கொடுத்த பரிசு

ஒரு காட்டில், ஓடைக்கரையில், ஒரு வழுக்குப்பாறை இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் அந்தப் பாறையின் மேல் தையல்காரர்கள் கூடுவார்கள்.

வருகிறவர்கள் நாலே பேர். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு. புல்லைக் கிழித்துப் பின்னும் தூக்கணாங்குருவி. இலையோடு இலையைப் பசைநூலால் ஒட்டும் முசுறு எறும்பு. அது தன் கூட்டத்தார் நூறு பேரையும் கூட்டிக்கொண்டுதான் வரும், ஆனால் பேசுவது அது ஒன்றுதான். நாலாவது ஆள் சிலந்தி. அது வாயே திறக்காது.

வாரம் முழுவதும் செய்ததை ஒவ்வொருவரும் கொண்டுவந்து காட்டுவார்கள். மற்றவர்கள் குறை சொல்வார்கள். குறை சொல்லி முடித்ததும், செய்ததை ஒருவருக்கொருவரோ, காட்டில் மற்றவர்களுக்கோ பரிசாகக் கொடுப்பார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டே சட்டங்கள். முதல் சட்டம்: எந்த வேலையானாலும் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாகக் காட்டிவிடலாம். முடிச்சும் சிக்கலும் பின்பக்கத்தில்தானே ஒளிந்திருக்கும்?

இரண்டாவது சட்டத்தைப் போட்டது தையல்சிட்டு. ஒரு தடவை அது மூன்று நாள் முதுகு வலிக்க உட்கார்ந்து, பஞ்சு வைத்து ஒரு மெத்தை தைத்து அணிலுக்குக் கொடுத்தது. "ஐயோ, எவ்வளவு அழகு!" என்று அணில் வாங்கிக்கொண்டு போயிற்று. மறுவாரம் பார்த்தால் மெத்தை சேற்றில் கிடந்தது. அதன் மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

தையல்சிட்டுக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம்.

"இனிமேல், பரிசு கொடுத்தவர் அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்கியவர் வீட்டுக்கே போய், அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும். காட்ட மாட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது!" என்றது.

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். தையல்சிட்டு கோபமாக இருக்கும்போது தலையாட்டாமல் தப்பித்தவர்கள் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, தூக்கணாங்குருவி தன் பின்னலைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பாறைக்குக் கீழே சருகு சரசரத்தது. பேச்சு நின்றது. பாறையின் விளிம்பில் ஒரு தலை எழுந்தது. தலைக்குப் பின்னால் உடம்பு வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சாரைப்பாம்பு!

தூக்கணாங்குருவியின் அலகிலிருந்து புல் கீழே விழுந்தது. பறந்துவிடலாம் என்று இரண்டு பறவைகளுக்கும் தோன்றியது. சிறகுகள் அசையவில்லை.

"வணக்கம் அக்கா, வணக்கம் அண்ணா" என்றது சாரைப்பாம்பு. அதன் குரல் தேனாக இருந்தது. "ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறீர்கள்? கையால் வேலை செய்கிறவர்கள் கூடும் இடம் இது என்று கேள்விப்பட்டேன். எனக்குக் கை இல்லை. ஆனால் வேலை உண்டு."

அது தன் முதுகில் சுமந்து வந்ததைப் பாறையின் மேல் விரித்தது. உரித்துப் போட்ட தோல். வாயிலிருந்து வால் நுனி வரை ஒரு கிழிசல் இல்லாமல், வெயிலில் மினுமினுத்தது.

"இது வேலையா?" என்று முசுறு எறும்பு கேட்டது. பயத்திலும் அதற்குக் கண்டிப்புப் போகாது. "இது உன் உடம்பிலிருந்து உரிந்தது."

"சிலந்தியின் நூல் எங்கிருந்து வருகிறதாம்? உடம்பிலிருந்துதானே?" என்று சிரித்தது சாரைப்பாம்பு. "பதினைந்து நாள் கண் தெரியாமல் படுத்துக் கிடந்து செய்தேன். ஒரு இடத்தில்கூட மூட்டு இல்லை, பாருங்கள். இந்தக் காட்டில் இதன் அருமை தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தையல்சிட்டு அக்கா, இது உங்களுக்கு."

பயத்தில் உறைந்திருந்த தையல்சிட்டின் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தது. "எனக்கா?" என்றது.

"உங்கள் தையலுக்கு முன்னால் மற்றதெல்லாம் என்ன தையல்?"

"அது சரிதான்" என்றது தையல்சிட்டு. பயம் போகவில்லை. ஆனாலும் கால் முன்னே போயிற்று. தோலின் ஓரத்தைக் கவ்வித் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இழுத்தால் முடிந்தது, பரிசை வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

"மிகவும் சந்தோஷம் அக்கா" என்றது சாரைப்பாம்பு. "வீட்டில் மூன்று குழந்தைகள் என்று கேள்விப்பட்டேன். இதை அடியில் விரித்தால் மெத்தென்று இருக்கும். அடுத்த செவ்வாய் நான் வந்து பார்க்கிறேன். அதுதானே உங்கள் சட்டம்?"

தையல்சிட்டின் அலகிலிருந்து தோலின் ஓரம் நழுவியது.

"யார்... யார் சொன்னது?"

"தவளை சொன்னது. மெத்தை, அணில், சட்டம், எல்லாவற்றையும் சொன்னது. அதுதான் அது கடைசியாகச் சொன்னது."



"எனக்குத் தேடி அலைவது பிடிக்காது" என்று தொடர்ந்தது சாரைப்பாம்பு. "வீட்டுக்காரரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அழகு. காட்ட மாட்டேன் என்றால் என் மனது நோகும். மனது நொந்தால் எனக்குப் பசிக்கும். பசித்தால் இந்தக் கரையில் ஒவ்வொரு புதராக, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். வரட்டுமா அக்கா?"

வந்த வழியே அது இறங்கிப் போயிற்று. அதன் வால் மறைய வெகு நேரமானது.

"வாங்கினாயே! உனக்கு அறிவிருக்கிறதா?" என்று தூக்கணாங்குருவி கத்தியது. "பாம்பு புகழ்ந்தால் பல்லைக் காட்டுவாயா?"

"எனக்குப் பல் இல்லை."

"இப்போது இந்தப் பேச்சு ரொம்ப முக்கியம்! வீட்டை மாற்றிவிடு."

"எப்படி மாற்றுவேன் அண்ணா? பிள்ளைகளுக்கு இன்னும் சிறகே முளைக்கவில்லை. பறக்கப் பத்து நாளாகும். அது ஏழாம் நாள் வந்து நிற்கும்." தையல்சிட்டின் குரல் உடைந்தது. "நான் போட்ட சட்டம். நானே என் வாயால் போட்ட சட்டம்."

அன்றைக்கு அது கூட்டுக்கு நேராகப் போகவில்லை. மூன்று மரம் சுற்றி, இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, பிறகுதான் போனது. கொடி அசைந்தால் பாம்பு. வேர் வளைந்திருந்தால் பாம்பு. பிள்ளைகள் பசியில் 'கீச்' என்றால் அதற்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது. "சத்தம் போடாதீர்கள், சத்தம் போடாதீர்கள்" என்று கெஞ்சியது. பசிக்கிற பிள்ளை எந்தக் காலத்தில் சத்தம் போடாமல் இருந்திருக்கிறது?

தோலை அது வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பாறையிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாருக்கும் ஒரு யோசனையும் வரவில்லை. சிலந்தி மட்டும் அதன் மேல் ஏறி, வாய்ப் பக்கத்திலிருந்து வால் நுனி வரை மெதுவாக நடந்துவிட்டு வந்தது.

"இது உள்பக்கம்" என்றது.

மூவரும் திடுக்கிட்டார்கள். சிலந்திக்குக் குரல் இருப்பதே அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"கழற்றும்போது உள் வெளியாகப் புரண்டிருக்கிறது" என்றது சிலந்தி. "நாம் பார்த்தது பின்பக்கம். முன்பக்கத்தை யாருமே பார்க்கவில்லை."

தையல்சிட்டு தோலின் வாயை உற்றுப் பார்த்தது. ஒரு பக்கம் திறப்பு. மறு பக்கம், வால் நுனி, மூடியிருக்கிறது. குழாய் மாதிரி தைத்த நாடாவை அது ஆயிரம் தடவை திருப்பியிருக்கிறது. திறப்பு வழியாக உள்ளே போய், நுனியைக் கவ்வி, இழுக்க வேண்டும்.

உள்ளே போக வேண்டும்.

தையல்சிட்டு தூக்கணாங்குருவியிடம் திரும்பியது. "அண்ணா, உங்கள் புல்லில் எது வலுவானது?" என்று கேட்டது.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். தூக்கணாங்குருவி தோலைச் சுற்றிலும் ஈரப் புல்லால் நெருக்கமாகப் பின்னியது. நூறு எறும்புகளும் பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் பசைநூலை வைத்து ஒட்டின. சிலந்தி தோலுக்குள் போய், இருட்டில், முழு நீளத்துக்கும் ஒட்டும் நூலை இழுத்துக் கட்டியது. திறப்பைச் சுற்றித் தையல்சிட்டு ஓட்டை போட்டு, பாதி தையலைத் தளர்வாக ஓட்டி வைத்தது. இழுத்தால் சுருங்கும்படி.

செவ்வாய்க்கிழமை வந்தது. சருகும் சரசரத்தது.

"போகலாமா அக்கா?" என்றது சாரைப்பாம்பு. பிறகு பாறையைப் பார்த்தது. "என் தோலை என்ன செய்திருக்கிறீர்கள்?"

"லைனிங் கொடுத்திருக்கிறோம்" என்றது தையல்சிட்டு. "வெறும் தோல் நாலு நாளில் பொடியாகிவிடும். வாங்கிய பொருளை அப்படி வீணாக்குவது எங்கள் வழக்கம் இல்லை."

"அடடா. ஏன் எல்லோரும் நடுங்குகிறீர்கள்?"

தூக்கணாங்குருவி கண்ணை மூடிக்கொண்டது. தையல்சிட்டு மூடவில்லை.

"உங்களைப் பார்த்து நடுங்காமல் இருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்" என்றது.

சாரைப்பாம்புக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "சரி, வழியைக் காட்டுங்கள்."

"அதற்கு முன்னால் முதல் சட்டம் ஒன்று இருக்கிறதே, தவளை அதைச் சொல்லவில்லையா? இரண்டு பக்கத்தையும் பார்க்காமல் எந்தப் பரிசும் வீட்டுக்குப் போகாது. இது உள்பக்கம். வெளிப்பக்கத்தைக் காட்டுங்கள்."

"நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள்."

"நாங்கள் நூறு பேர் இழுத்துப் பார்த்துவிட்டோம்" என்றது முசுறு எறும்பு. "வரவில்லை. உள்ளே போய் நுனியைக் கவ்வ நீளமான உடம்பு வேண்டும்."

சாரைப்பாம்பின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. அது ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. தையல்சிட்டின் முகத்தில் அதன் பார்வை வெகு நேரம் நின்றது.

"திருப்பினால்?"

"உடனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்."

ஒவ்வோர் இலையாகத் திருப்புவதைவிட ஒரு தோலைத் திருப்புவது எளிது. சாரைப்பாம்பு தலையை உள்ளே விட்டது. கழுத்து போயிற்று. பாதி உடம்பு போயிற்று.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. "கீச்! கீச்! கீச்!"

காலையிலிருந்து பிள்ளைகளுக்கு இரை போகவில்லை. கூடு இருந்த புதர் அங்கிருந்து இருபது சிறகடி தூரம்தான்.

தோலுக்குள் அசைவு நின்றது. "ஓ" என்றது உள்ளிருந்து ஒரு குரல். "அந்தப் புதரா? அப்படியானால் நீங்கள் வர வேண்டியதே இல்லை அக்கா."

பாம்பு பின்னால் நகரப் பார்த்தது. முடியவில்லை. அதன் வயிற்றுச் செதில்கள் சிலந்தியின் நூலில் மாட்டிக்கொண்டன. முன்னால் போக வழுக்கியது. பின்னால் வரப் பிடித்தது. அது சீறியது. அந்தச் சீறலில் நூறு எறும்புகளும் பாறையோடு ஒட்டிக்கொண்டன. பின்னால் வழியில்லாமல், முன்னால் கிழித்துக்கொண்டு வெளியேறலாம் என்று அது முழு வேகத்தில் நுழைந்தது. உரித்த தோல் உடம்பைவிட நீளமானது. வாலும் உள்ளே போயிற்று.

"இழு!" என்று கத்தியது தையல்சிட்டு.

தூக்கணாங்குருவி நூலை இழுத்தது. வாய் சுருங்கியது. தையல்சிட்டு பாய்ந்து போய்த் தைத்தது. ஒரு தையல். இரண்டு. பாம்பின் வால் உள்ளிருந்து ஓங்கி அடித்தது. தையல்சிட்டு தூக்கி எறியப்பட்டு விழுந்தது. எழுந்து வந்து தைத்தது. ஐந்து. ஆறு. இதுவரை அது போட்ட தையல்களிலேயே இவ்வளவு கோணலாக எதுவும் இருந்ததில்லை. ஏழு. நூல் தீர்ந்துவிட்டது.

"சிலந்தி!"

சிலந்தி ஏற்கெனவே பக்கத்தில் நின்றிருந்தது. தன் நூலின் நுனியை நீட்டியது. எட்டு. ஒன்பது. முடிச்சு.

உள்ளே குரல் மீண்டும் தேனாயிற்று. "அக்கா... விளையாட்டாகச் சொன்னேன் அக்கா. எவ்வளவு அழகான தையல். உங்களை மாதிரி யாரால் தைக்க முடியும்?"

தையல்சிட்டு முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டது.

புல் மூட்டை புரண்டது. நெளிந்தது. வழுக்குப்பாறையில் ஒரு தடவை புரண்டால் நிற்க முடியுமா? அது சரிந்து, விளிம்பைத் தாண்டி, ஓடையில் விழுந்தது. வெள்ளம் அதை வளைவு வரைக்கும் கொண்டுபோனது. வளைவுக்கு அப்பால் என்ன ஆயிற்று என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

தையல்சிட்டு ஒரு புழுவைத் தேடிப் பிடித்துக்கொண்டு புதருக்குப் பறந்தது. மூன்று வாய்கள் திறந்திருந்தன. 

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு பேரும் பாறையில் கூடினார்கள். ஓடை கொஞ்சம் சத்தமாகச் சலசலத்தாலும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இரண்டாவது சட்டத்தை எடுத்துவிடுகிறேன்" என்றது தையல்சிட்டு.

"அப்புறம் உன் மெத்தை சேற்றில் கிடந்தால்?" என்று சீண்டியது தூக்கணாங்குருவி.

"கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும்" என்றது தையல்சிட்டு. பிறகு தன் வேலையை எடுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது.

நீதி: பரிசை மட்டும் திருப்பிப் பார்த்தால் போதாது, கொடுக்கிறவரின் எண்ணத்தையும் திருப்பிப் பார்த்த பிறகே கை நீட்ட வேண்டும்.