சிம்மாசனத்தின் வலது கை

மாங்குடிப் பாளையத்தை ஆண்ட இராசகண்டருக்கு ஒரு நாள் காலையில் வலது முழங்கை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. அங்கிக்குள் கை நுழையவில்லை.

"நேற்று உங்களுக்கு உடம்பு பிடித்துவிட்டவன் மல்லன் காத்தவராயன். இது அவன் வேலைதான்" என்றார் தளவாய் திருமேனி. மல்யுத்தத்தில் தன் தம்பியை அவன் மண்ணைக் கவ்வவைத்ததிலிருந்து தளவாய்க்கு அவன்மேல் தீராத எரிச்சல்.

வலியில் இருந்த அரசர் யோசிக்கவில்லை. "இந்த வீக்கத்துக்குக் காரணமான கையை வெட்டுங்கள். நாளைக் காலை, சபையில், என் கண்முன்னால்" என்றார்.

கை போனால் மல்லனுக்கு என்ன மிச்சம்? அவன் மனைவி அழுதுகொண்டே அரசவை விகடர் சிற்றம்பலத்திடம் ஓடினாள். சிற்றம்பலம் நேரே அரண்மனை வைத்தியரிடம் போனார்.

"உடம்பு பிடித்துவிட்டதால் இப்படி வீங்குமா, வைத்தியரே?"

"அடிபட்டால் வீங்கும். சீழ் வைத்தாலும் வீங்கும். ஆனால் அப்போது தோல் சிவந்து சுடும், காய்ச்சல் வரும். அரசருக்கு அதெல்லாம் இல்லை. கெட்டியான இடத்தில் நாள் முழுக்க முழங்கையை ஊன்றியிருக்கிறார். ஊன்றாதீர்கள் என்றால், 'நான் எப்போது ஊன்றினேன்' என்று என்னையே கேட்கிறார்."

மறுநாள் சபையில் காத்தவராயன் கைகள் கட்டப்பட்டு நின்றான். வாளோடு ஒருவன் தயார். அந்த நேரம் சிற்றம்பலம் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தச்சர் கையில் ரம்பம்.

"ரம்பம் எதற்கு?" என்று கேட்டார் அரசர்.

"குற்றவாளி கருங்காலி மரம், அரசே. வாள் இறங்காது."

"என்ன உளறுகிறீர்?"

"சிம்மாசனத்தின் இரண்டு கையிலும் சிங்கமுகம் செதுக்கியிருக்கிறது. இடது சிங்கத்துக்கு மூக்கு இருக்கிறது. வலது சிங்கத்துக்கு இல்லை. மூன்று வாரமாக அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு வாய்க்கால் வழக்கைக் கேட்கிறீர்களே, அதில் தேய்ந்தது."

அரசர் குனிந்து பார்த்தார். வீங்கிய முழங்கை அப்போதும் மூக்கில்லாத சிங்கத்தின்மேல்தான் இருந்தது. மெதுவாக அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வீக்கத்துக்குக் காரணமான கையை வெட்டச் சொன்னீர்கள். இதுதான் அந்தக் கை" என்றார் சிற்றம்பலம்.

"சிம்மாசனத்தை அறுப்பதா? அபசகுனம்" என்றார் தளவாய்.

"அரசர் கட்டளையை மீறச் சொல்கிறீரா, தளவாயே?"

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அவனை அவிழ்த்துவிடுங்கள். தச்சரே, அறுங்கள்."

அதன்பின் அரசருக்கு வலது முழங்கையை ஊன்ற இடமே இல்லை. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தார்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை நாளுக்கு நாலைந்து முறை கொஞ்ச நேரம் சுற்றினார்கள். வைத்தியர் யாரையும் வீக்கத்தை அமுக்கவோ பிடித்துவிடவோ விடவில்லை. மூன்றாவது வாரம் வீக்கம் இறங்கி, கை அங்கிக்குள் நுழைந்தது.

அரசர் காத்தவராயனை வரவழைத்து, "அவசரப்பட்டுவிட்டேன்" என்று சொல்லிப் பட்டுச் சால்வை போர்த்தினார். பிறகு சிற்றம்பலத்தின் பக்கம் திரும்பினார்.

"இன்றுமுதல் நீர்தான் எனக்கு வலது கை."

சிற்றம்பலம் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"அந்தப் பதவி மட்டும் வேண்டாம், அரசே. போன வலது கையை அறுக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன்."