ஒருவழிப் பூங்கா

பூங்காவை ஒருவழிப் பாதை ஆக்கினார்கள். ஆட்கள் வருவது நின்றுபோயிற்று.

விஷயம் அவ்வளவுதான். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக்கியவர் சபாநாயகம். ரோடு போடும் வேலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தேழு. குடியிருப்போர் சங்கத்துக்குப் பதினோரு வருடமாகச் செயலாளர்.

காரணம் இருந்தது. நடைபாதை வட்டமானது. அவரவர் இஷ்டப்பட்ட பக்கம் சுற்றினார்கள். ஒருநாள் பொருளாளர் டேனியல் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிரே பத்மநாபன், கையில் அருகம்புல் சாறு. முட்டிக்கொண்டார்கள். பத்மநாபன் வேட்டி பச்சையாயிற்று. இரண்டு பேரும் ஒரு வாரம் பேசவில்லை.

சபாநாயகம் சும்மா இருப்பாரா? பாதையில் இருபது அடிக்கு ஒரு மஞ்சள் அம்பு போட்டார். எல்லாரும் வலப்பக்கமாகவே சுற்ற வேண்டும். வாசலில் பலகை வைத்தார். அடியில் ‘உத்தரவு: செயலாளர்’.

அதற்குப் பிறகு ஒருத்தரும் முட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு மாதத்தில் எண்பது பேர் பதினான்கு பேர் ஆனார்கள்.

சபாநாயகம் மாஸ்டரிடம் போனார்.

மாஸ்டர் என்றால் இசக்கியம்மாள். திருநெல்வேலிப் பக்கம். நாற்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் கபடி ஆடியவர். காலை ஆறு மணிக்குப் பூங்காவின் புங்கமரத்தடியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். சபாநாயகம் ஒரு வருடமாக அவரிடம் மூச்சு விடக் கற்றுக்கொள்கிறார். இன்னும் வரவில்லை.

“மாஸ்டர், ஜனங்க சரியில்ல.”

“எந்த ஜனங்க?”

“நம்ம காலனி ஜனங்கதான். ஒழுங்குன்னு ஒண்ணு வந்ததும் ஓடிட்டாங்க.”

“முதல்ல ஓடினது யாரு?”

சபாநாயகம் கீழே பார்த்தார். அம்பு தெரிந்தது.

“எங்க வீட்ல.”

“வீடு ஓடுமா சார்?”

“என் சம்சாரம், மாஸ்டர்.”

“அவங்க ஏன் வரல?”

“அவளுக்கு சர்க்கரை முந்நூறு. தினம் நாற்பது நிமிஷம் நடக்கணும், இல்லேன்னா ஊசிதான்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். ஆறு வருஷம் ஒரு நாள் விடாம நடந்தா. இப்ப கால் வலிங்கிறா. வரமாட்டேங்கிறா.”

“கால் வலியா?”

“எங்க வலி? வத்தல் காயப்போட மொட்டை மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்குறா.”

“அப்ப கால் நல்லாத்தான் இருக்கு.”

“அதான் கேக்கிறேன். அவளை எப்படி நடக்க வைக்கிறது? அதைச் சொல்லுங்க. மத்தவங்க எக்கேடு கெட்டாலும் பரவாயில்ல.”

மாஸ்டர் மூச்சை இழுத்தார். நிறுத்தினார். விட்டார்.

“நாளைக்கு நடங்க. முடிச்சிட்டு வந்து, யார் யாரைப் பாத்தீங்கன்னு சொல்லுங்க.”

“இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

“நடங்க சார்.”

மறுநாள் நடந்தார். எட்டுச் சுற்று. வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“பாத்தேன். டேனியல், பத்மநாபன், பாங்க்குக்காரர், அந்த அக்கா தங்கச்சி ரெண்டு பேர்.”

“டேனியல் எப்படி இருக்காரு?”

“சட்டைக் காலர் பின்னாடி கிழிஞ்சிருக்கு.”

“பத்மநாபன்?”

“உச்சியில வழுக்கை. ஒரு தோசை அளவுக்கு.”

“மீசை?”

“வழக்கம்போல முறுக்கி விட்டிருக்கார்.”

“அவரு மீசையை எடுத்து ஒரு மாசம் ஆவுது.”

சபாநாயகம் வேர்வை துடைப்பதை நிறுத்தினார்.

“எடுத்துட்டாரா?”

மாஸ்டர் எழுந்துவிட்டார். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சபாநாயகம் விடுகிற ஆள் இல்லை. ரோடு போட்டவர்.

“கோயில்ல எல்லாரும் ஒரே பக்கம்தானே சுத்துறாங்க, மாஸ்டர்? அங்க யாரும் கோவிச்சுக்கிட்டுப் போகலையே?”

“கோயில்ல நடுவுல சாமி இருக்கு. இங்க நடுவுல என்ன இருக்கு?”

சபாநாயகம் திரும்பிப் பார்த்தார்.

“மோட்டார் ரூம்.”

“ம்.”

“அப்ப அம்பை அழிச்சிடணும்ங்கிறீங்க.”

“நான் எங்க சொன்னேன்? நீங்க போட்ட அம்பு. அது காட்டுத பக்கமே போங்க.”

“அப்படித்தானே போறேன்?”

“நாளையில இருந்து பின்னாடியா நடங்க.”

“என்னது?”

“அம்பு போற பக்கம்தான். முதுகு முன்னால, முகம் பின்னால. விதியில அதுக்குத் தடை இருக்கா?”

சபாநாயகம் யோசித்தார். விதியை எழுதியவர் அவர்தான். தடை இல்லை.

“எத்தனை நாள்?”

“முட்டுத வரைக்கும்.”

அடுத்த நாள் காலை ஆறேகாலுக்கு செயலாளர் பின்பக்கமாக நடந்தார்.

முதல் சுற்றில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பயந்துவிட்டார்கள். இரண்டாவது சுற்றில் அக்கா தங்கச்சி இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில் பொத்தவில்லை.

பத்மநாபன் பின்னால் வந்துகொண்டிருந்தார். இப்போது அவர் முகத்துக்கு நேரே செயலாளர் முகம்.

“என்ன சார், ரிவர்ஸ் கியர் விழுந்துடுச்சா?”

சபாநாயகம் அவரையே பார்த்தார். மீசை இல்லாத பத்மநாபன், அவர் தம்பி மாதிரி இருந்தார்.

“மீசை எங்க?”

“பேத்தி குத்துதுன்னா. எடுத்துட்டேன்.”

“நல்லா இல்ல.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது. நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னீங்க.”

பத்மநாபன் சந்தோஷமாக நடந்தார்.

அவருக்குப் பின்னால் டேனியல். ஒரு கண் சிவந்திருந்தது.

“கண்ணுக்கு என்ன?”

“ஆபரேஷன் சார். புரை. பத்து நாளாச்சு.”

“சொல்லவே இல்லையே?”

“எங்க சொல்றது? நீங்கதான் ராக்கெட் மாதிரி முதுகைக் காட்டிட்டுப் போயிடுறீங்களே.”

சபாநாயகம் அன்று எட்டுச் சுற்று நடக்கவில்லை. நாலுதான். நாலிலும் நிறையக் கேட்டார்.

புங்கமரத்தடிக்கு வந்தார்.

“கழுத்து வலிக்குது, மாஸ்டர்.”

“வலிக்கும்.”

“அவ இன்னும் வரல.”

“யாராச்சும் முட்டினாங்களா?”

“இல்ல.”

“அப்ப நாளைக்கும் நடங்க.”

இந்த மாதிரிச் செய்தி காலனியில் நிற்காது. பத்மநாபன் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அவர் மனைவி போனை எடுத்தாள். சபாநாயகத்தின் மனைவியைக் கூப்பிட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் பூங்காவுல பின்னாடி பின்னாடி நடக்கிறாராம். உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”

“தெரியலடி. காப்பியை முன்னாடிதான் குடிச்சிட்டுப் போனார்.”

அந்த அம்மாள் போனை வைத்தாள். வத்தலைப் புரட்டப் போய்விட்டாள்.

நாலாவது நாள். சபாநாயகம் மூங்கில் வளைவில் போய்க்கொண்டிருந்தார். பின்பக்கமாகத்தான். பத்மநாபன் ஒரு ஜோக் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். நடுவில் நிறுத்திவிட்டார். அவர் கண் செயலாளரைத் தாண்டிப் போயிற்று.

“என்ன? அப்புறம்?” என்றார் சபாநாயகம்.

முதுகில் எதுவோ இடித்தது.

தடுமாறித் திரும்பினார்.

மனைவி. பழைய கேன்வாஸ் ஷூ. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். அம்புக்கு எதிர்ப்பக்கமாக வந்திருக்கிறாள்.

“கண்ணு தெரியலையா உனக்கு?”

“எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. நேரா வந்து முட்டறீங்களா, ஒதுங்கறீங்களான்னு பாத்தேன்.”

“கால் வலின்னியே?”

“சொன்னேன்.”

“இப்ப?”

“இப்ப இல்ல.”

“அம்பு இந்தப் பக்கம் போகுது.”

“தெரியுது. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.”

“பின்ன?”

அவள் அம்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“நீங்க எட்டுச் சுத்து சுத்துவீங்க. நான் நாலு. எதிரும் புதிருமா நடந்தப்ப தினம் பன்னெண்டு தடவை உங்க முகத்தைப் பாப்பேன். வீட்ல இருந்தா பேப்பர்தான் தெரியும். அம்பு போட்டீங்க. நாலு தடவை பின்னாலேர்ந்து விர்ருன்னு தாண்டிப் போனீங்க. முதுகைப் பாக்கிறதுக்கு எதுக்கு எனக்கு ஷூ?”

“இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“பலகையில உத்தரவுன்னு போட்டிருந்துது. ‘அபிப்பிராயம்’னு போட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

போய்விட்டாள். எதிர்ப்பக்கமாகவே.

சபாநாயகம் நின்றார். பிறகு முன்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். அம்பு காட்டிய வழியில்.

குழாயடியில் அவள் எதிரே வந்தாள்.

“அடுப்பை அணைச்சியா?” என்றார்.

பதில் சொல்வதற்குள் தாண்டிவிட்டாள். அவரும் தாண்டிவிட்டார்.

அடுப்பு அவர் மண்டைக்குள் எரிந்தது. வேகத்தைக் கூட்டினார். ஊஞ்சல் பக்கத்தில் அடுத்த சந்திப்பு.

“அணைச்சேன். பெரியவன் போன் பண்ணினான்.”

“என்ன சொன்னான்?”

தாண்டியாயிற்று.

மறுபடி மூங்கில் வளைவு.

“தீபாவளிக்கு வரானாம்.”

“எத்தனை நாள்?”

தாண்டியாயிற்று.

இப்படியே பன்னிரண்டு தடவை. மகனுடைய லீவு, மருமகளுடைய லீவு, எந்த ரயில், யார் ஸ்டேஷனுக்குப் போவது, எல்லாம் முடிவாயிற்று. வீட்டில் உட்கார்ந்து பேசியிருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும். சண்டையும் வந்திருக்கும்.

பத்மநாபன் இதைப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் நடந்தார்.

டேனியலுக்கு அவர் எதிரே வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. முதல் வேலையாக செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். பத்மநாபன் கையில் டம்ளர் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

“அந்த ஜோக் பாக்கி இருக்கு” என்றார் பத்மநாபன், போகிற போக்கில். “சுத்துக்கு ஒரு வரி. கேக்கிறதா இருந்தா நடங்க.”

டேனியல் தினமும் மூன்று சுற்று நடக்கிறவர். அன்று ஏழு நடந்தார். கடைசி வரி நன்றாக இல்லை. ஆனாலும் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை முப்பது பேர். சனிக்கிழமை ஐம்பத்தைந்து. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பூங்காவில் சத்தம் கேட்டது, வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சபாநாயகம் மிச்சமிருந்த மஞ்சள் பெயின்ட்டோடு வந்தார். ரோட்டுக்குப் போடுகிற பெயின்ட் அது. சுரண்டினாலும் போகாது. பார்த்துப் பார்த்து வாங்கியவர் அவர்தான். அதனால் அழிக்கிற வேலையை விட்டுவிட்டார். ஒவ்வொரு அம்புக்கும் வாலில் இன்னொரு தலை வரைந்தார். எழுபத்தொரு அம்பு. முதுகு ஒடிந்தது. நடந்து போனவர்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். இரண்டு பேர் மிதித்தும் விட்டார்கள். திட்டவில்லை.

பிறகு பலகை. வெள்ளை அடித்தார். காயவிட்டார். எழுதினார்.

‘எந்தப் பக்கமும் நடக்கலாம். நடக்கும்போது செல்போன் பார்க்கக் கூடாது.’

இரண்டாவது வரி டேனியலுக்காக.

அடியில் ‘உத்தரவு:’ என்று போட்டார். ‘செ’ எழுதினார்.

மாஸ்டர் பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். படித்தார்.

“உத்தரவு யாரோடது சார்?”

“செயலாளரோடது. வழக்கமா அப்படித்தானே?”

“செயலாளரா மாத்தினாரு?”

சபாநாயகம் பிரஷைப் பிடித்தபடி யோசித்தார்.

“இல்ல. நீங்கதான் மாஸ்டர். உங்க பேரைப் போட்டுடறேன்.”

“நான் உங்களைப் பின்னாடி நடக்கத்தான் சொன்னேன். எதிர்ல வந்தது யாரு?”

மூங்கில் வளைவில் அந்த அம்மாள் வந்துகொண்டிருந்தாள். மூன்றாவது சுற்று. யாரிடமோ கையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுத் தாண்டினாள்.

சபாநாயகம் ‘செ’யை விரலால் துடைத்தார். விரல் மஞ்சளாயிற்று.

“அப்ப... எங்க வீட்ல.”

“வீட்டுக்குப் பேர் இல்லையா?”

பதினோரு வருடம் செயலாளர். முப்பத்தொன்பது வருடம் புருஷன். அந்தப் பேர் காலனியில் ஒருத்தருக்கும் தெரியாது.

பிரஷைத் தோய்த்தார். இடம் போதாது போலிருந்தது. எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டு, நெருக்கி நெருக்கி எழுதினார்.

தையல்நாயகி.