கோல் கம்பத்தடியில் புல்

மாவட்டக் கால்பந்துக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே அந்தக் கடலோரக் கல்லூரி ஏழு கோல் வாங்கித் தோற்றது. விளம்பரக் காசு வந்த பிறகு, பந்தாடத் தெரிந்த கடற்கரைப் பையன்களைக் கழித்துவிட்டு, போஸ்டரில் எடுப்பாகத் தெரிகிறவர்களுக்கே தாளாளர் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுத்திருந்தார்.

காசு கொடுத்த பனியன் கம்பெனி முதலாளி நேரில் வந்து காரணம் கேட்டார். தாளாளர், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவளைக் கை காட்டினார்.

"தரை மோசம். பயிற்சி எப்படி நடக்கும்? ஏம்மா, உன் தப்பு இல்லேன்னு இப்பவே காட்டு. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

அவள் முதலாளியைக் கோல் கம்பத்தடிக்கு அழைத்துப் போனாள். அங்கே மெத்தை மாதிரிப் புல்.

"பத்தொன்பது வருசமா இந்த இடத்துல புல்லு பிடிக்க வைக்கப் பாத்தேன் ஐயா. பிள்ளைங்க மிதிச்சே மொட்டையடிச்சிருவாங்க. இந்த வருசம் தண்ணி ஊத்தாமலே வளந்திருக்கு. எல்லாம் தாளாளர் ஐயா புண்ணியம்."

முதலாளி திரும்பினார். "பசங்க பயிற்சிக்கே வரலையா?"

"விளம்பர ஷூட்டிங் இருந்தது," என்றார் தாளாளர், தரையைப் பார்த்து.

கழித்த பையன்களை மறுவாரமே கூப்பிட்டார்கள். பாதிப் பேர் அதற்குள் மீன்பிடிக்கப் படகேறிவிட்டார்கள். இனி அவர்கள் எங்கே பந்தாட? மிச்சப் பேரை வைத்து ஆட்டம் ஏதோ பிழைத்தது. பிழைக்க வைத்தவளின் பேரைத் தாளாளர் இன்றுவரை கேட்கவில்லை.

செபத்தியம்மாள்.