உப்புத்தீவிலிருந்து வந்த எண்ணெய்

பணியாரக்காரி உமையாளின் பணியாரக்கல்லை அரண்மனைச் சேவகர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் மாவில் கலப்படம் செய்யவில்லை, எண்ணிக்கையில் ஏமாற்றவில்லை. கடைவீதியில் நின்று, "உப்பு விளையுற தீவுல எள்ளு எங்கேய்யா விளையுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதுதான் குற்றம். அந்தக் கல்லை நம்பி அவள் வீட்டில் நாலு வயிறு இருந்தது.

செம்மணல் நாட்டை மகரகேது என்ற மன்னன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த நாட்டில் எள் விளையாது. அடுப்பு, விளக்கு, வண்டியச்சு எல்லாமே வடகரை நாட்டிலிருந்து கப்பலில் வரும் நல்லெண்ணெயை நம்பித்தான் ஓடின. படி ஒரு பணம். ஒருநாள் வடகரை ராஜா, தான் அனுப்பிய ஓலையில் தன் பெயரை முதலில் எழுதி, மகரகேதுவின் பெயரை இரண்டாவதாக எழுதிவிட்டான். மன்னனுக்கு மீசை துடித்தது.

"இனி வடகரை எண்ணெய் ஒரு சொட்டுகூட என் மண்ணில் விழக்கூடாது. இது என் சபதம்!"

ஓலையில் பெயர் முன்பின்னாகப் போனதற்கு ஊர் அடுப்பு ஏன் அணைய வேண்டும் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை. எண்ணெய் அதிகாரி சிங்கமுகராயர் மட்டும் எழுந்தார்.

"கவலை எதற்கு மகாராஜா? நம் நட்பு நாடான உப்புத்தீவு எண்ணெய் தரும். தூரம் சற்று அதிகம், அதனால் விலையும் சற்று அதிகம்."

அந்தச் 'சற்று' படிக்கு மூன்று பணம் ஆனது. முணுமுணுத்தவர்களிடம், "நாட்டுப்பற்று இல்லையா உனக்கு?" என்று ராயர் கேட்டார். ராயர் வீட்டுக்கு மட்டும் அந்த வருடம் இரண்டு மாடி ஏறியது. உமையாள் கேள்வி கேட்டதும் அவளுக்கு 'எதிரியின் ஆள்' என்று பட்டம் கட்டி, கல்லைப் பறித்தார்.

மனு கேட்கும் நாளில் உமையாள் சபைக்கு வந்தாள். ராயர் முந்திக்கொண்டார். "ஏய் பணியாரக்காரி, கல்லு கிடைக்காது. போ, போ."

"கல்லைக் கேட்க வரலைங்க," என்றாள் உமையாள். "மகாராஜா, நாம தவிச்ச நேரத்துல எண்ணெய் கொடுத்துத் தாங்குது உப்புத்தீவு. அந்த ஊர் செக்குக்கு இதுவரைக்கும் ஒரு மாலை, ஒரு பட்டு நாம போட்டதுண்டா? வடகரைக்காரன் கேள்விப்பட்டா சிரிக்க மாட்டானா?"

மரியாதை என்ற பேச்சை எடுத்தால் மகரகேதுவுக்குத் தலைகால் புரியாது. "சரியாகச் சொன்னாய்! நானே நேரில் போய்ப் பட்டுச் சாத்துகிறேன். கப்பலைக் கட்டுங்கள்!"

ராயருக்கு வேர்த்துவிட்டது. "மகாராஜா, கடல் கொந்தளிக்கிற மாதம்…"

"பெரியவங்க ஏன் அலையணும்?" என்றாள் உமையாள். "அங்கேயிருந்து ஒரு செக்குமாட்டை வரவழைச்சா போதாதா? இங்கேயே மாலை போட்டுடலாம்."

ராயருக்கு மூச்சு வந்தது. மாடு என்றால் எல்லாம் மாடுதானே! "தாராளமாக வரவழைக்கிறேன்," என்றார்.

பத்தாம் நாள் சபை முற்றத்தில் ஒரு காளை வந்து நின்றது. கொம்பு இரண்டுக்கும் நீலச் சாயம். "உப்புத்தீவின் தலைசிறந்த செக்குமாடு!" என்று ராயர் அறிவித்தார். மன்னன் பட்டுச் சாத்தினான். ஊர் வாணியர் ஒருவர் வீட்டில் எள் இல்லாமல் சும்மா கிடந்த பழைய செக்கை உமையாள் முற்றத்துக்குக் கொண்டுவரச் செய்திருந்தாள்.

"நாலு சுற்று சுற்றட்டும் மகாராஜா. நம்ம கண்ணாலயும் பார்ப்போமே."

காளையைப் பூட்டினார்கள். செக்குமாடு என்றால் கண்ணைக் கட்டினாலும் வட்டமாகத்தான் நடக்கும். இதுவோ நேராக நடந்தது. கயிறு அறுந்தது. பட்டோடு வாசலைத் தாண்டிக் கடைவீதியில் இறங்கியது.

"பிடியுங்கள்!" என்று ராயர் கத்தினார்.

"விடுங்கள், எங்கே போகிறது பார்ப்போம்," என்றான் மன்னன். வேடிக்கை என்றால் அவனுக்கும் பிடிக்கும்.

காளை முன்னே, மன்னன் பின்னே, சபை அதற்கும் பின்னே. காளை கிணற்றடியில் திரும்பி, இரண்டு மாடி வீடு ஒன்றின் கொல்லைக்குள் நுழைந்து, தொட்டியில் வாயை வைத்தது. ராயரின் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அட, விடியக்காலையில கொம்புக்குச் சாயம் அடிச்சு இழுத்துட்டுப் போனாரு. அதுக்குள்ள வந்துட்டியாடா?"

காளை தொட்டித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

"ராயரே," என்றான் மன்னன், "உப்புத்தீவில் செக்கு இருக்கிறதா, இல்லையா?"

ராயர் தரையைப் பார்த்தார். "செக்கும் இல்லை, எள்ளும் இல்லை மகாராஜா. வடகரைக் குடங்களே அங்கே போய் இறங்கும். வடகரைக் குறியை அழித்து, தீவின் பெயரில் புதுச் சுண்ணாம்புக்குறி போட்டதும் இங்கே வரும்."

"அப்படியானால் என் சபையில் இத்தனை நாள் எரிந்தது…"

"வடகரை எண்ணெய்தாங்க," என்றாள் உமையாள். "முன்னே அந்த ராஜா நமக்குப் படி ஒரு பணத்துக்கு வித்தாரு. இப்போ தீவுக்காரனுக்கு ஒன்றரைக்கு விக்கிறாருன்னு கப்பல்காரங்களே சொல்றாங்க. மிச்சம் ஒன்றரை தீவுக்கும் இந்த ரெண்டு மாடிக்கும் போச்சு. உங்க கோபத்துல உங்க எதிரிக்குக்கூட லாபம்தான், நஷ்டம் நம்ம ஊருக்கு மட்டும்தான்."

ராயரின் பதவி அங்கேயே போனது. பணியாரக்கல்லைத் தலையில் சுமந்துபோய், கடைவீதி முழுக்கப் பார்க்க, உமையாளின் அடுப்பில் ராயரே வைக்க வேண்டும் என்று மன்னன் கட்டளையிட்டான். பூசணிக்காய் அளவு பொற்கிழியும் அவளுக்குக் கொடுத்தான். ஆனால் முகம் மட்டும் தெளியவில்லை.

"எல்லாம் சரி உமையாள். சபதம் சபதம்தானே? ராஜா சொன்ன சொல்லை ராஜாவே மீறலாமா?"

"மீறவே வேண்டாம் மகாராஜா. சபதம் போட்டது நீங்க, நீங்களே காப்பாத்துங்க. ஊருக்கு வடகரைக் கப்பல் நேரா வரட்டும். அரண்மனைக்குள்ள மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். விளக்கு வேண்டாம், வடை வேண்டாம், அப்பளம் வேண்டாம்."

மன்னன் யோசித்தான். "சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்?"

"அதுவும் வேண்டாம்."

மகரகேது நெடுநேரம் மீசையைத் தடவினான். பிறகு ஓலை எழுதுபவனைக் கூப்பிட்டு மறுமொழி சொன்னான்.

"வடகரை ராஜாவுக்கு எழுது. அவர் பெயரை முதலில் போடு. கப்பல் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரவேண்டும்."