சலங்கைத் தடி

அந்த நாட்டில் ஒற்றனுக்கு எல்லைக்கு அப்பால்தான் வேலை. அங்கே அவன் பூனை மாதிரி நடக்கலாம், சுவரில் காதை வைக்கலாம். ஊருக்குள் குற்றம் விசாரிப்பது காவல்காரன் பாடு. அவன் தடியில் சலங்கை கட்டியிருக்கும். வாசலில் நின்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும். ஊருக்குள் ஒளிந்து கேட்டது சபையில் செல்லாது.

ஒற்றர் தலைவன் வில்லவனுக்கு இதைக் கண்டால் இளக்காரம். "சலங்கையோடு போனால் திருடன் காத்துக்கொண்டா இருப்பான்?" என்பான். யாருக்கும் சொல்லாமல் ஊருக்குள்ளேயே ஒட்டுக்கேட்க ஆரம்பித்தான்.

ஒரு நாள் அந்தியில் நெசவாளி சடையனின் வீட்டுப் பின்புறம், எருக்குழி ஓரமாகக் குந்தியிருந்தான். உள்ளே சடையன் மனைவி காத்தாயி, "இந்த வரி கேக்குற ராசா தலையில இடி விழ" என்றாள். வில்லவன் போய்ச் சொல்ல, மறுநாள் அவளைச் சிறையில் போட்டார்கள். வில்லவனுக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் காலை அவன் தன் குருவிடம் வந்தான்.

"சாமி, நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் சிறை வாசலில் அவள் கைக்குழந்தை பாலுக்கு அழுகிறது. என் வீட்டிலும் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. சோறு போடட்டுமா என்பாள் என் மனைவி, அதோடு சரி. வெட்கமாக இருக்கிறது."

குரு ஒரு காவல்காரனின் தடியை வாங்கி அவனிடம் கொடுத்தார்.

"இதோடு சடையன் வீட்டுக்குப் போ. காத்தாயி என்ன சொன்னாள் என்று கேட்டு வா."

வில்லவன் போனான். சலங்கை தெருவெல்லாம் கேட்டது. வாசலில் நின்று பெயரைச் சொன்னான். சடையன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"உன் மனைவி அன்றைக்கு என்ன சொன்னாள்?"

"ராசா நல்லா இருக்கணும்னு சொன்னா, ஐயா."

எதிர்வீட்டுக்காரன் ஓடி வந்தான். "நாங்களும் தினம் அதேதான் சொல்றோம், ஐயா." யாரும் அவனைக் கேட்கவே இல்லை. வில்லவனால் நிமிர முடியவில்லை.

திரும்பி வந்து தடியைக் கீழே வைத்தான்.

"எல்லாம் பொய், சாமி. இந்தத் தடியால் என்ன பயன்?"

"வீட்டில் பேசியதை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே வர அவர்களுக்கு நேரம் கிடைக்கிறது."

"காத்தாயியை எப்படி மீட்பது?" என்றான் வில்லவன்.

"நாளை சபையில் எழுந்து நில். அவள் சொன்னதைச் சொல்லாதே. நீ எங்கே குந்தியிருந்தாய் என்று சொல்."

"பதவி போய்விடும், சாமி. போகட்டும். ஆனால் அத்தனை பேர் முன்னால் அந்த எருக்குழியைச் சொல்ல வாய் வரவில்லையே."

"அங்கே போகக் கால் வந்ததே" என்றார் குரு.