மருதாசலத்தின் கையில் ஒரு கோடு

"ஏனுங்க சாமி, திரும்பி வந்திருக்கறது எம்பட ஊட்டுக்காரருதானுங்களா?"

அங்கம்மாள் இப்படிக் கேட்டபோது மாசிலாமணிச் சாமி கல் உடைத்துக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் கல் இனம் பார்க்கப் படிக்கிறவள். அவளுடைய புருஷன் மருதாசலம் கல்லுக்குழிக்குள் இறங்கியவன். குழி சரிந்து மூடிக்கொண்டது. உடம்பு கிடைக்கவில்லை.

கருமாதிச் சோறு தின்று ஊர் கை கழுவிய பிறகு ஆள் நடந்து வந்து வாசலில் நின்றான். தின்றவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான், என்ன செய்ய?

"மூஞ்சி அவரு மூஞ்சிதானுங்க. மச்சங்கூட இருக்குது."

"நெறத்தை வெச்சுக் கல்லு பேரைச் சொல்லுவியா?"

"மாட்டேனுங்க. நெறம் ஏமாத்திப்போடும்."

"அப்பறம் மூஞ்சியை ஏன் பாக்கறே? கனம் எப்படி?"

"படுத்தா கயித்துக்கட்டிலு தரையைத் தொடுதுங்க. முந்தி அப்படி இல்லீங்க."

"கல்லைக் கன்னத்துல வெச்சுச் சில்லுப்பு பாப்பமே, அப்படிப் பாத்தியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சில்லுனு இருக்குதுங்க. எத்தனை நேரம் கட்டிப் புடிச்சிருந்தாலும் சூடே ஏற மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க சாமி."

சாமி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நகத்துல கீறிப் பாரு. கீறல் விழுந்தா உன்னையாட்ட சதைதான்."

"விழலீன்னா?"

"கொழந்தை உங்கம்மா ஊட்டுலதானே இருக்குது? அங்கயே உட்டுரு."

மறுநாள் அங்கம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"விழுந்துச்சுங்க சாமி. முழங்கைக்குக் கீழே, வெள்ளையா, நீட்டமா ஒரு கோடு. கீற உட்டுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சாருங்க. எம் மனசு குளுந்து போச்சு."

"கொழந்தை?"

"கூட்டியாந்துட்டேனுங்க. அவரு மடியில உட்டுட்டுத்தான் வாரேன்."

சாமி பக்கத்தில் கிடந்த மிருதுவான மாக்கல் துண்டை ஒரு கையிலும் கெட்டியான வெங்கச்சங்கல்லை இன்னொரு கையிலும் எடுத்தார். மாக்கல்லால் வெங்கச்சங்கல்லின் மேல் அழுத்தி இழுத்தார்.

வெள்ளையாக, நீளமாக ஒரு கோடு விழுந்தது.

"கீறல் எந்தக் கல்லுல அம்மிணி?"

"வெங்கச்சங்கல்லுலதானுங்க. கண்ணுக்குத் தெரியுதே."

சாமி எச்சில் தொட்டுக் கட்டைவிரலால் துடைத்தார். கோடு போய்விட்டது. வெங்கச்சங்கல் வழவழவென்று இருந்தது. மாக்கல்லின் முனைதான் மழுங்கியிருந்தது.

"நீ தொடைச்சுப் பாத்தியா?"

அங்கம்மாள் வலது கையைத் திருப்பி ஆள்காட்டி விரலைப் பார்த்தாள்.

நகம் சதைவரைக்கும் தேய்ந்திருந்தது.