அன்னக்குளமும் அல்வாத் தட்டும்

முன்னொரு காலத்திலே மருதங்கோடு நாட்டைப் பரிதிவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். தங்கமான மனசு, ஆனால் நிமிஷத்துக்கு ஒரு புத்தி.

ஒருநாள் சதுரமாக ஒரு மண்டபம் கட்ட ஆசைப்பட்டான். மூலையில் அன்னம் நீந்த மூன்று கோல் சதுரத்தில் ஒரு குளம். மீதித் தரை முழுக்க ஜமக்காளம்.

"ஜமக்காளத்தின் அகலம், மண்டபத்தின் பக்கத்தைவிட மூன்று கோல் குறைவாக இருக்கட்டும். வெட்டி ஒட்டி விரிக்கலாம். பக்கம் எவ்வளவு என்பது மட்டும் ரகசியம்!" என்றான்.

"நீளம் எவ்வளவு நெய்வது, மகாராஜா?" என்று நெசவாளர்கள் விழித்தார்கள்.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த வச்சிரநாதர் எழுந்தார். "நம் மந்திரி இளஞ்சாத்தனார் சொல்லட்டுமே! முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தை என்னிடம் தரட்டும்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா, அவசரப்பட்டு. மறுகணமே முகம் வாடிப்போயிற்று. இளஞ்சாத்தன் அவனுக்குச் சின்ன வயசுத் தோழன்.

மந்திரி சதுரத் தட்டு நிறைய அல்வா வரவழைத்தார். மூலையில் ஒரு சதுரத்தை வெட்டி ராஜா வாயில் ஊட்டினார்.

"இது உங்கள் குளம். மிச்சம்தான் தரை."

பிறகு குளத்தை ஒட்டியிருந்த துண்டை அறுத்து, பெரிய துண்டின் முனையில் சேர்த்தார். இரண்டுக்கும் ஒரே அகலம். கச்சிதமாக நீள்சதுரம் ஆயிற்று.

"பெரிய துண்டின் நீளம் மண்டபத்தின் பக்கம். சின்னதின் நீளம் மூன்று கோல். அகலம் பக்கத்தில் மூன்று குறைவு. ஜமக்காளத்துக்கும் அதே அகலம்தானே? தரைக் கணக்கிலும் ஜமக்காளக் கணக்கிலும் அந்த அகலத்தை அடித்துவிட்டால் மிஞ்சுவது நீளம் மட்டும். மண்டபத்தின் பக்கத்தோடு மூன்று கோல் கூட்டி நெய்யுங்கள்!"

"எந்த அளவுக்கும் பொருந்துமோ?" வச்சிரநாதர் விடவில்லை. "மண்டபமே மூன்று கோல் என்றால்?"

"அங்கே மட்டும் பொருந்தாது, ஐயா. மண்டபம் முழுக்கக் குளம். விரிக்கத் தரையில்லை, ஜமக்காளத்துக்கு அகலமும் இல்லை. இல்லாத அகலத்தை எப்படி அடிப்பது?"

"அந்த மண்டபத்தில் வச்சிரநாதர் நீந்திக்கொண்டே ஆலோசனை சொல்லட்டும்!" என்றான் ராஜா. சபை குலுங்கிச் சிரித்தது. வச்சிரநாதர் தலை கவிழ்ந்தார்.

ராஜா தன் முத்துமாலையைத் தோழனுக்குப் போட்டு, இறுக அணைத்துக்கொண்டு, காதோரம் சொன்னான்: "பயந்தே போனேனடா. இனி உன்னைப் பணயம் வைக்கமாட்டேன்."

மந்திரி அல்வாத் துண்டு ஒன்றை எடுத்து முதலில் வச்சிரநாதரிடம் நீட்டினார். "சாப்பிடுங்கள், ஐயா. கேட்டது நல்ல கேள்வி."